பரணைத் திற மாப்ள... வேஷம் ரெடி!

அக்டோபர் 31 ஹாலோவீன். கையில் இருப்பது ஒரே ஒரு சாயங்காலம். காசைக் கொட்டாமல், கடை கடையாக அலையாமல், மதுரைப் பழங்காநத்தத்து நண்பர் கூட்டம் ஒன்று அசத்தலாக வேஷம் கட்டுவது எப்படி?

அக்டோபர் கடைசி வாரம் வந்தால் அந்தச் செய்தியும் வந்துவிடுகிறது. கல்லூரி வகுப்பில், ஐ.டி. கம்பெனியில், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் போட்டுவிடுகிறார்: "நாளைக்கு ஹாலோவீன். எல்லாரும் வேசம் போட்டு வரணும்." உடனே, "மாப்ள, என்னடா போடுறது?" என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பிக்கிறார்கள். ஆன்லைனில் தேடினால் கறுப்பு அங்கி, பிளாஸ்டிக் மண்டையோடு, ரப்பர் கத்தி. விலையும் அதிகம், வந்து சேர மூன்று நாளும் ஆகும். வாடகைக் கடைக்குப் போனால் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கான பாரதியார் கோட்டும் குட்டிக் கிருஷ்ணன் கிரீடமும் தொங்குகின்றன. கடைசியில் பாதிப் பேர், "நான் வரலப்பா, நீங்க போங்க" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

ஒதுங்க வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கூட்டமாக வேஷம் கட்டுவதில் மதுரையும் தென்மாவட்டங்களும் தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்தவை. வேஷத்துக்கு முதல் தேவை துணி அல்ல, கூட்டாளிகள். இரண்டாவது தேவை, பார்க்கிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கதை. இந்த இரண்டும் இருந்தால் பொருளைப் பரணிலேயே தேடிக்கொள்ளலாம்.

வைக்கோலும் சேறும்

மேலூர் பக்கம் வெள்ளலூருக்குப் புரட்டாசி மாதத்தில் போய்ப் பாருங்கள். ஏழைகாத்த அம்மன் திருவிழா நடக்கும். வெள்ளலூர் நாட்டுக் கிராமங்கள் கூடி, பருவமெய்தாத ஏழு சிறுமிகளை அம்மனாகத் தேர்ந்தெடுத்து, விழா முடியும்வரை அந்தக் குழந்தைகளைத் தெய்வமாகவே வணங்குகின்றன. நிறைவு நாள் ஊர்வலத்தில் பெண்கள் மதுக்கலயம் சுமந்து வருவார்கள். ஆண்கள் கழுத்திலிருந்து கால்வரை வைக்கோல் பிரியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் முகமூடி மாட்டி நடப்பார்கள். ஒருவர் மட்டும் அப்படி நின்றால் வைக்கோல் சுற்றிய ஆள்தான். நூற்றுக்கணக்கில் சேர்ந்து வரும்போது யார் அண்ணன், யார் மாமன், யார் பக்கத்து வீட்டுக்காரர் என்றே தெரியாது. ஊரே வேறாகிவிடுகிறது. அந்த வேஷத்தின் மூலப்பொருள் களத்து மேட்டில் கிடக்கிற வைக்கோல். அவ்வளவுதான்.

கமுதியில் இன்னும் எளிது. முத்துமாரியம்மன் கோயில் பங்குனி விழாவில் நேர்ந்துகொண்டவர்கள் தலை முதல் கால்வரை சேற்றைப் பூசிக்கொண்டு வருகிறார்கள். சேத்தாண்டி வேஷம் என்று பெயர். வேப்பிலை ஒரு கொத்து, உடம்பெல்லாம் சேறு. வேஷத்துக்குத் துணிகூட வேண்டாம் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

மதுரைக்குள்ளேயே வருவோம். சித்திரைத் திருவிழாவில் அழகர்மலையிலிருந்து புறப்படுகிற சாமியே வேஷத்தில்தான் வருகிறார். பெருமாள் கள்ளர் திருக்கோலம் பூண்டு, கொண்டையும் கண்டாங்கிப் பட்டுமாகக் கள்ளழகராக வருகிறார். வைகை ஆற்றில் இறங்கிய பிறகு, ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம் நடக்கும். அவரோடு வருகிற பக்தர்கள் சல்லடம் கட்டி, தலையில் உருமால் சுற்றி, தோல்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சுகிறார்கள். திரி எடுத்து ஆடுகிறார்கள். இந்த உடுப்புகளைத் தைத்துக் கொடுத்தவர்கள் புதுமண்டபத்துத் தையற்காரர்கள். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்திலிருந்து கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள், தொழில் மாறவில்லை. ஜரிகைத் துண்டு, பளபளக்கிற கரை, பாசிமாலை, கிரீடத்துக்கு ஒட்டுகிற சமிக்கி என்று எது வேண்டுமானாலும் அந்தப் பக்கம் போனால் கிடைக்கும். மதுரைக்காரருக்கு ஆன்லைன் ஆர்டர் தேவையில்லை என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் ஹாலோவீனுக்கு நெருக்கமான உறவு திருச்செந்தூரை அடுத்த குலசேகரன்பட்டினத்தில் இருக்கிறது. முத்தாரம்மன் கோயில் தசரா புரட்டாசி நவராத்திரியில் வருகிறது. மாலை போட்டு, 48 நாள், 41 நாள், 21 நாள் என்று அவரவர் வேண்டுதலுக்கு ஏற்ப விரதம் இருந்து, கொடியேறியதும் காப்புக் கட்டி வேஷம் போடுகிறார்கள். காளி, எமன், குரங்கு, கரடி, ராஜா, ராணி, போலீஸ், நர்ஸ், பிச்சைக்காரர் என்று எத்தனையோ வேஷங்கள். ஊர் ஊருக்குத் தசரா குழு உண்டு. மேளத்தோடு குழுவாக வீடு வீடாகவும் கடை கடையாகவும் போய்க் கை நீட்டித் தர்மம் எடுக்கிறார்கள். அந்தக் காசை முத்தாரம்மன் உண்டியலில் போட்டுவிடுகிறார்கள். விஜயதசமி இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் பார்க்க லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். கார் வைத்திருக்கிறவரும் அந்தப் பத்து நாள் கை நீட்டித்தான் ஆகவேண்டும். வேஷம் போட்டால் தன் அந்தஸ்தைக் கழற்றி வைக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம்.

அமெரிக்காவில் ஹாலோவீன் அன்று பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பதும் இதே ஏற்பாடுதான். 1950-இல் ஃபிலடெல்ஃபியாவில் சில பிள்ளைகள் மிட்டாயோடு சில்லறையும் வாங்கி யுனிசெஃப்புக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அது அந்த நாட்டில் இன்றுவரை நடக்கிறது. குலசேகரன்பட்டினத்துக்காரர் ஒருவரிடம் சொன்னால், "எங்க ஊர்ல நெடுநாளா நடக்குறதுதானே" என்பார்.

ஒத்திகை இல்லாத நாடகம்

கடைசி நேரத்தில் எப்படிச் சமாளிப்பது என்று கேட்பவர்கள் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைக் கவனிக்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய ஊர் மதுரை. அவர் எழுதிய நாடகங்களைக் கிராமத்துத் திருவிழாக்களில் ஆடுகிற ஸ்பெஷல் நாடகத்துக்கு இன்றும் மதுரைதான் பெரிய மையம். இந்த நாடகத்தின் விசேஷம் என்னவென்றால், நடிகர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்ல. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்த்ரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். அன்று இரவு மேடைக்குப் பின்னால்தான் பலர் சந்தித்துக்கொள்வார்கள். ஒத்திகை கிடையாது. அவரவர் பெட்டியில் அவரவர் உடுப்பு, அவரவர் கண்ணாடி, அவரவர் பவுடர். பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிகிறவரை 'வள்ளி திருமணம்' நடக்கும்.

இது எப்படி முடிகிறது? கதை எல்லோருக்கும் தெரியும். அடுத்தவர் என்ன பேசுவார் என்று நடிகருக்குத் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்று பார்ப்பவருக்கும் தெரியும். நண்பர்கள் கூட்டமும் இதையே பிடித்துக்கொள்ள வேண்டும். புதிதாக எதையாவது யோசித்து, வந்தவர் ஒவ்வொருவரிடமும் "நான் யாருன்னா..." என்று விளக்கிக்கொண்டிருந்தால் அந்த வேஷம் தோற்றுப்போனது. ஐந்து பேர் உள்ளே நுழைந்ததும், "அடேய், இது அந்தக் கதைடா!" என்று கூட்டம் கத்த வேண்டும். தனியாகப் பார்த்தால் சாதாரண வேட்டியும் துண்டும். ஐவராக நின்றால் கதை.

செத்தவர்கள் திரும்பி வரும் இரவு

ஹாலோவீன் என்ன விழா என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் வேஷம் தேர்ந்தெடுக்க எளிதாக இருக்கும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த பழைய செல்டிக் மக்களுக்கு அறுவடைக் காலம் முடிந்து குளிர்காலம் தொடங்குகிற இரவு அது. அன்று இறந்தவர்கள் ஊருக்குள் வருவார்கள் என்று நம்பினார்கள். பின்னாளில் கிறிஸ்தவ நாட்காட்டியில் நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழாவானது. அதற்கு முந்தின இரவு இது. அயர்லாந்தில் டர்னிப்பைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். பிழைப்புத் தேடி அமெரிக்கா போனவர்களுக்கு அங்கே பரங்கிக்காய் கிடைத்தது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று மதுரைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூவும் மெழுகுவத்தியும் வைத்து வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். புரட்டாசி மகாளய அமாவாசையில் தர்ப்பணம் கொடுப்பதும் அதற்குச் சில வாரங்கள் முன்புதான். மழையும் முன்னோர் நினைவும் இங்கும் ஒட்டியே வருகின்றன.

பழங்காநத்தத்துக்கு இதில் தனி உரிமையே இருக்கிறது. கோவலன் வெட்டுப்பட்ட இடம் என்று ஊர் சொல்கிற கோவலன் பொட்டல் இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த மண்ணின் மேல்தான் இன்றைய தெருக்கள் ஓடுகின்றன. இந்த ஊர்ப் பிள்ளைகள் டிராகுலாவைத் தேடி ருமேனியா வரை போக வேண்டியதில்லை.

ஆகவே நான் முதலில் சொல்வது சிலம்புக் கதை. ஐந்து பேர் போதும். கண்ணகிக்குத் தலைவிரி கோலம், ஒரு சாயம்போன புடவை, கையில் ஒற்றைச் சிலம்பு. பரதநாட்டியம் கற்ற தங்கை வீட்டில் இருந்தால் சலங்கையே போதும். இல்லாவிட்டால் அட்டையை வளைத்துத் தங்க நிறத் தாள் ஒட்டுங்கள். பாண்டியனுக்குப் பட்டு வேட்டியும் அட்டைக் கிரீடமும். கோப்பெருந்தேவிக்கு அம்மாவின் கல்யாணப் புடவை. பொற்கொல்லனுக்கு ஒரு சின்னத் தராசு, காதில் செருகிய பென்சில். கோவலன்தான் ஹாலோவீன் பாத்திரம்: வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, முகம் முழுக்க வெள்ளை, கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. அவன் யாரிடமும் பேசக் கூடாது. மற்ற நால்வரும் பேசட்டும். அவன் கண்ணகிக்கு இரண்டடி பின்னால் மட்டும் நின்றால் போதும். இதைவிட உறைய வைக்கிற கூட்டு வேஷம் எனக்குத் தெரிந்து மதுரையில் இல்லை.

மூன்று பேர்தான் என்றால் விக்கிரமாதித்தன். 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் ஓவியர் சங்கர் வரைந்த, தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு வாளோடு நடக்கிற அந்த ராஜாவை நாற்பது வயதைக் கடந்த எவரும் மறக்கவில்லை. ஒருவர் ராஜா. ஒருவர் வேதாளம்: வெள்ளை வேட்டியை உடம்பில் சுற்றி, தலைமுடியில் பவுடர் கொட்டினால் முடிந்தது. மூன்றாமவர் முருங்கை மரம். பழுப்புச் சாக்கு, இரண்டு கையிலும் முருங்கைக் கொத்து. கேள்விக்குப் பதில் சொன்னதும் வேதாளம் ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். வந்தவர்களிடம் வேதாளம் புதிர் போடலாம். அது கடைசிவரை விளையாட்டாகத் தொடரும்.

எட்டுப் பேர், பத்துப் பேர் என்றால் எமலோகம். எமனுக்குக் கறுப்புச் சட்டை, சிவப்புத் துண்டு, தாம்புக் கயிறு, கண்மையில் வரைந்த பெரிய மீசை. சித்திரகுப்தனுக்கு ஒரு நீளமான கணக்கு நோட்டு. மற்றவர்கள் எல்லோரும் பாவிகள். கழுத்தில் அட்டை தொங்கும். அதில் என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான் இந்த வேஷத்தின் உயிர். 'ஹெல்மெட் போடாதவன்', 'வைகையில் குப்பை கொட்டியவன்', 'வாங்கிய கடனைத் திருப்பித் தராதவன்'. சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்கு எமன் வேஷக்காரரைச் சிக்னலில் நிறுத்துவது நம் ஊரில் பார்த்த காட்சிதானே. பத்துப் பேருக்கும் சேர்த்து ஆகிற செலவு அட்டைக்கும் மார்க்கருக்கும்தான்.

பயம் வேண்டாம், கலகலப்புதான் வேண்டும் என்கிறவர்களுக்குப் பக்கத்துப் பேட்டையே கை கொடுக்கிறது. 2008-இல் சசிகுமார் இயக்கி வந்த 'சுப்பிரமணியபுரம்' படம் 1980-களின் மதுரைப் பையன்களைக் காட்டியது. அகலக் காலர் சட்டை, இறுக்கமான இடுப்பு, விரிந்த பெல்பாட்டம், தாடி. அப்பாவின், சித்தப்பாவின் பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தால் காலர் சட்டை உறுதி. பழைய பேண்டின் முழங்காலுக்குக் கீழே பக்கத் தையலைப் பிரித்து, முக்கோணத் துணி ஒன்றை ஊக்கால் குத்தினாலே பெல்பாட்டம் ஆகிவிடும். தாடியில்லாதவர்கள் கண்மையைப் பஞ்சில் தொட்டுப் புள்ளி புள்ளியாக ஒற்றலாம்.

ஜிகர்தண்டாவாக மாறுவதும் எளிது. நான்கு பேர். வெள்ளை உடுப்பில் ஒருவர் பால். இளமஞ்சள் துணியைப் பொதபொதவென்று சுற்றியவர் கடற்பாசி. அரக்கு நிறப் புடவையில் ஒருவர் நன்னாரி. தலையில் பெரிய பழுப்பு நிறத் துணிப்பந்தோடு வருகிறவர் ஐஸ்கிரீம். நால்வரும் வரிசை மாறாமல் ஒட்டி நின்றால்தான் ஜிகர்தண்டா. ஒருவர் டீ குடிக்கப் போய்விட்டால் கிடையாது. அட்டைப்பெட்டிகளை இணைத்து டவுன் பஸ் செய்யலாம்: முன்னால் டிரைவர், பின்னால் விசிலோடு கண்டக்டர், நடுவில் கூடைக்காரப் பாட்டி, காலேஜ் பெண், தூங்குகிறவர். நெற்றியில் 'பெரியார் - பழங்காநத்தம் - திருப்பரங்குன்றம்' போர்டு. 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் காசு கிடையாது என்பதால் கண்டக்டருக்கும் பாட்டிக்கும் வசனம் தானாக வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது கொலு. பழங்காநத்தத்திலிருந்து பசுமலையைத் தாண்டினால் விளாச்சேரி. களிமண்ணிலும் காகிதக்கூழிலும் கொலு பொம்மையும் பிள்ளையாரும் செய்கிற ஊர். நவராத்திரி முடிந்து சில வாரங்களே ஆகியிருக்கும்; அந்த நினைவு எல்லோருக்கும் பச்சையாக இருக்கும். வீட்டு மாடிப்படியையே கொலுப்படியாக்கி, ஆளுக்கு ஒரு படியில் அசையாமல் நிற்க வேண்டும். மரப்பாச்சி ஜோடிக்குப் பழுப்பு உடுப்பும் ஜரிகைத் துண்டும். மளிகைக் கடைக்காரருக்கு எதிரில் நாலு கிண்ணத்தில் பருப்பு. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கு வாட்டசாட்டமான ஆளைப் பிடியுங்கள். கீழே பெட்டிகோட்டை விரித்துக் கட்டினால் அடி அகலமாகிவிடும். அது மட்டும் தலையாட்டலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு டார்ச் ஒளியில் பார்க்க விடுங்கள். ஒரு பொம்மை மெதுவாகக் கண்ணைத் திறந்தால் போதும், ரப்பர் மண்டையோடு எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது.

கையில் என்ன இருக்கிறது?

வேஷத்தை முடிவு செய்ய அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகு பொருள் வேட்டை. பரணில் பழைய வேட்டி, புடவை, அரிசிச் சாக்கு, பெட்டிகோட் கட்டாயம் இருக்கும். பழைய பேப்பர் கடையில் எடைக்கு அட்டைப்பெட்டி வாங்கலாம். மார்க்கெட்டில் வாழைப்பழம் இறக்கிப் போட்ட இடத்தில் வாழைச்சருகு சும்மா கிடக்கும். சணலில் கோத்து இடுப்பில் கட்டினால் பாவாடை, தலையில் கட்டினால் சடைமுடி. தென்னை மரத்துப் பன்னாடை அருமையான முகமூடி. வலைபோல இருப்பதால் மூச்சும் விடலாம், வெளியேயும் பார்க்கலாம், எதிரில் இருப்பவருக்கு முகம் தெரியாது. பாக்கு மட்டைத் தட்டில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுக் காதுக்கு எலாஸ்டிக் கட்டினால் ஐந்து நிமிடத்தில் இன்னொரு முகமூடி. காகிதக்கூழ் முகமூடி காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். கடைசி நேரத்தில் அதைத் தொடாதீர்கள். அட்டையை ஒட்ட மைதாப் பசை போதும், ஆனால் அதுவும் காய வேண்டும். அவசரத்துக்கு ஸ்டேப்ளரும் ஊக்கும் சணலும்தான் உதவும்.

முகத்துக்கு வருவோம். முதலில் தேங்காயெண்ணெய் மெல்லிசாகப் பூசிவிட்டு, அதன்மேல் டால்கம் பவுடரைப் பஞ்சால் ஒற்றுங்கள், தேய்த்தால் திட்டுத்திட்டாகிவிடும். கண்ணுக்குக் கீழே கண்மையை இழுத்து விரலால் மங்கலாக்கினால் ஏழு நாள் தூங்காத முகம் வந்துவிடும். ரத்தத்துக்கு பீட்ரூட் சாற்றில் ஒரு கரண்டி சோள மாவு கலந்து கொதிக்க வைத்து ஆற விடுங்கள். கொழகொழவென்று வழியும், வாயில் பட்டாலும் பயமில்லை. ஆனால் வெள்ளைத் துணியில் கறை போகாது என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்திச் சிவப்பு வருமே என்று அதை முகத்தில் பூசிவிடாதீர்கள். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பழைய கூத்துக்காரர் பூசிய அரிதாரத்தையும் தேடிப் போக வேண்டாம்; அந்த மஞ்சள் கனிமத்தில் ஆர்சனிக் இருக்கிறது. கலைக்கும்போது மறுபடி தேங்காயெண்ணெய், பிறகு கடலை மாவு.

தீபாவளி ஐப்பசியில் வருவதால் ஹாலோவீனும் பட்டாசும் பல ஆண்டுகளில் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகின்றன. 2024-இல் தீபாவளியே அக்டோபர் 31 அன்றுதான். வைக்கோல், சாக்கு, சருகு, பாலியஸ்டர் எதுவும் ஒரு தீப்பொறிக்குத் தாங்காது. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். இந்த வேஷங்களோடு மெழுகுவத்திக்கும் மத்தாப்புக்கும் பக்கத்தில் போகவே கூடாது. விளக்கு வேண்டுமென்றால் டார்ச், செல்போன் வெளிச்சம், பேட்டரி பல்பு. முகமூடியை மாட்டிக்கொண்டு டூவீலர் ஓட்டாதீர்கள். புடவை, துப்பட்டா, சருகுப் பாவாடையோடு பின்னால் உட்கார்ந்து வருவதும் சக்கரத்தில் சிக்கும். வேஷத்தை மூட்டையாகக் கொண்டுபோய் அங்கே கட்டிக்கொள்ளுங்கள், ஸ்பெஷல் நாடகக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். மதுரையில் ஆண்டிலேயே அதிகம் மழை பெய்கிற மாதம் அக்டோபர் என்பதையும் மறக்க வேண்டாம். அட்டை பஸ்ஸுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு அவசியம்.

எதைப் போடக் கூடாது

வேஷம் கட்டுகிற மண் இது என்பதாலேயே, இதைச் சொல்லும் பொறுப்பும் இருக்கிறது. கருப்பசாமி, முனியாண்டி, காளி, காட்டேரி வேஷங்கள் நம் பக்கத்தில் விரதம் இருந்து, காப்புக் கட்டி, நேர்ந்துகொண்டு போடுகிறவை. அந்த வேஷத்துக்குள் போகிறவர் அன்றைக்குச் சாமி. காலில் விழுகிறவர்கள் உண்மையாகவே விழுகிறார்கள். அதைக் கேக் வெட்டுகிற இடத்துக்குக் கொண்டுவருவது அவர்களின் பல நாள் விரதத்தை மதிக்காத செயல். வெள்ளலூர் வைக்கோலிலிருந்து யோசனையை எடுத்துக்கொள்ளலாம். வைக்கோல் யாருக்கும் சொந்தமில்லை, வயல்காட்டுச் சோளக்கொல்லைப் பொம்மையாக அதைக் கட்டலாம். ஆனால் அந்த ஊர்வலத்தை அப்படியே நடித்துக் காட்ட வேண்டாம்.

ஒரு சமூகத்தை வேஷமாக்குவதும் வேண்டாம். 2023-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை அடுத்து, தமிழக அரசு 'குறவன் குறத்தி' ஆட்டத்துக்குத் தடை போட்டது. தங்கள் பெயரை மேடையில் ஆபாசமாக்குகிறார்கள் என்று அந்த மக்கள் நெடுநாள் போராடிப் பெற்ற தடை அது. திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகள், மனநலம் பாதித்தவர்கள், வடமாநிலத் தொழிலாளிகள் யாருமே நம் ஒருநாள் சிரிப்புக்கான உடுப்பு அல்ல. கூட்டத்தில் அந்த மனிதரே வந்து நின்றால் அவர் நம்மோடு சேர்ந்து சிரிப்பாரா என்று கேட்டுப் பார்த்துவிட்டு வேஷத்தை முடிவு செய்யுங்கள். கூட்டத்தில் பாதிப் பேர் பெண்கள் என்றால் வேஷப் பங்கீட்டையும் அவர்களே செய்யட்டும். எமன் பாத்திரத்தை ஏன் எப்போதும் பையன்களே எடுத்துக்கொள்ள வேண்டும்? குரல் உள்ளவருக்கு எமன்.

கூச்சப்படுகிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள். அவர்களை மரமாக, பஸ்ஸில் தூங்குகிற பயணியாக, கொலுவில் கடைசிப் படி பொம்மையாக நிறுத்துங்கள். பேசாத பாத்திரம் எல்லாக் கதையிலும் உண்டு. இதற்காகவே நான் கூட்டு வேஷத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன். தனி வேஷத்தில் கெட்டிக்காரர் ஜெயிப்பார், மற்றவர் ஓரமாக நிற்பார். கூட்டு வேஷத்தில் முருங்கை மரம் இல்லாமல் வேதாளம் எங்கே ஏறும்?

தர்மம் எடுக்கிற பழக்கத்தையும் முடிந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். அபார்ட்மெண்டில் வீடு வீடாகப் போகிற பிள்ளைகள் மிட்டாயோடு ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டு ரூபாய் கேட்கட்டும். சேர்ந்ததைப் பக்கத்துப் பள்ளிக்கோ, தெரிந்த முதியோர் இல்லத்துக்கோ மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

நவம்பர் 1 காலையில் வைக்கோலும் சருகும் மாட்டுக்கு, அட்டை பேப்பர் கடைக்கு, புடவை துவைத்துப் பெட்டிக்கு. குப்பைத் தொட்டிக்குப் போக எதுவும் மிஞ்சாது. ஆகவே இந்த அக்டோபரில் பிளாஸ்டிக் முகமூடிக்கு ஆர்டர் போடாதீர்கள். நாலு பேரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து, இன்றைக்கே பரணைத் திறங்கள்.